பத்து ஆல்பம் சொல்லு பார்ப்போம்!

1991-ஆம் வருஷம் செப்டம்பர் 24. அமெரிக்காவில் நிர்வாணா என்ற ராக் குழுவின் 'நெவர்மைண்ட்' ஆல்பம் கடைக்கு வந்தது. சரியாக ஆறு வாரம் கழித்து நவம்பர் 5, தீபாவளி. தமிழ்நாட்டில் 'தளபதி' ரிலீஸ்!

இந்த ரெண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், அப்போதைக்கு ஒன்றுமே கிடையாது. ஆனால் 2002-ல் உலகம் பூராவும் ஓட்டுக் கேட்டு ஒரு முதல் பத்து பட்டியல் போட்டார்கள். அதில் ஒருத்தர் இருந்தார், இன்னொருத்தர் இல்லை. அது யார் என்பது கடைசியில். அதற்கு முன்னால் பட்டியல் போடும் கதையைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

நாலு நண்பர்கள் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தால் கிரிக்கெட்டில் ஆரம்பித்துக் கடைசியில் 'உனக்குப் பிடிச்ச பத்து ஆல்பம் சொல்லு பார்ப்போம்' என்று வந்து நிற்பது வழக்கம். ஒருத்தன் ரேடியோஹெட் என்பான், இன்னொருத்தன் பேர்ல் ஜாம் என்பான், மூணாவது ஆள் ராஜாவை விட்டு நகரவே மாட்டான். சண்டை வரும். முதல் இடத்துக்கு வராது, ஏழாவது இடத்துக்கு வரும். (கவனித்துப் பாருங்கள், எப்போதும் அப்படித்தான்.) வெட்டிப் பேச்சு மாதிரி தெரிந்தாலும், கேசட் காலத்தில் இதுக்கு ஒரு உபயோகம் இருந்தது.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் திருவண்ணாமலை மாதிரி ஊர்களில் பாட்டு கேட்க வழி என்ன? ரேடியோ, கல்யாண வீட்டுக் குழாய் ஸ்பீக்கர், அப்புறம் ரெக்கார்டிங் சென்டர். காலி கேசட் ஒன்றை வாங்கி, ஒரு வெள்ளைத் தாளில் வேண்டிய பாட்டை வரிசையாக எழுதிக் கடைக்காரரிடம் கொடுக்க வேண்டும். சில நாள் கழித்துப் பதிந்து கொடுப்பார். இது காப்புரிமைச் சட்டப்படி தப்புதான், ஆனாலும் தமிழ்நாட்டில் பாதி வீட்டுப் பாட்டு இப்படித்தான் வந்து சேர்ந்தது.

இங்கேதான் கணக்கு வருகிறது. 60 நிமிஷ கேசட் என்றால் பக்கத்துக்கு 30 நிமிஷம். ஒரு சினிமாப் பாட்டு சுமார் நாலரை நிமிஷம். ஆகப் பக்கத்துக்கு ஆறு, மிஞ்சினால் ஏழு. மொத்தமே பன்னிரண்டு, பதின்மூன்று பாட்டுதான். இருபது பாட்டு பிடித்திருந்தால் ஏழெட்டை அடித்துத்தான் ஆக வேண்டும். அதாவது அந்தத் தாள் ஒரு ரேங்கிங் பட்டியல். நண்பர்கள் சேர்ந்து காசு போட்டு ஒரே கேசட் பதிந்தால், அடிப்பது யார் பாட்டை என்பதில் நட்பே ஆட்டம் கண்டுவிடும்!

இன்னொரு விஷயம். நம் ஊரில் 'ஆல்பம்' என்ற சொல்லே ரொம்ப நாளாகப் படத்தின் பாடல்களைத்தான் குறித்தது. சினிமா இல்லாத ஆல்பம் என்றால் சாமி பாட்டு. அபூர்வமாக இளையராஜாவே 1986-ல் 'ஹவ் டு நேம் இட்' என்று படமில்லாமல் ஒன்று போட்டார். பின்னால் ரமண மகரிஷி மேல் 'ராஜாவின் ரமணமாலை' வந்தது. அண்ணாமலைக்காரர்களுக்கு அதில் தனிப் பெருமை உண்டு.

சரி, பட்டியல் யார் போடுவது? விற்கிறவரா, கேட்கிறவரா? இந்தியாவில் இதற்குப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. 1952-ல் மத்திய அமைச்சர் பி.வி. கேஸ்கர் ஆல் இந்தியா ரேடியோவில் சினிமாப் பாட்டை ஓரம் கட்டினார். ஜனங்கள் ரேடியோ சிலோனுக்குத் தாவினார்கள். அங்கே அதே வருஷம் அமீன் சயானி நடத்த ஆரம்பித்த 'பினாகா கீத்மாலா' இந்திப் பாட்டுகளை வாராவாரம் வரிசைப்படுத்திய நிகழ்ச்சி. ரெக்கார்டு விற்பனையை மட்டும் பார்த்தால் காசு இருக்கிறவன் ரசனைதான் தெரியும் அல்லவா? அதனால் ஊர் ஊராக இருந்த நேயர் சங்கங்களின் ஓட்டையும் சேர்த்தார்கள். ரேடியோவுக்கு நேயர் விருப்பம் எழுதியே பேர் வாங்கிய ஊர், இன்றைய ஜார்க்கண்டில் உள்ள ஜும்ரி தலையா. அப்ரகச் சுரங்கம் இருந்த சின்ன ஊர். நாடு பூராவும் அந்தப் பேரைத் தெரிந்துகொண்டது தபால் அட்டையால்!

அமெரிக்காவில் இதே கதை கல்லூரி ரேடியோ மூலமாக நடந்தது. வியாபார ரேடியோக்கள் விளம்பரதாரருக்குப் பயந்து ஹிட் பாட்டை மட்டும் போடும். கல்லூரி மாணவர்கள் நடத்திய சின்ன ஸ்டேஷன்களுக்கு அந்தப் பயம் இல்லை. தனக்குப் பிடித்ததை, நண்பன் கொண்டுவந்து கொடுத்ததைப் போட்டார்கள். 1978-ல் தொடங்கிய சி.எம்.ஜே. என்ற பத்திரிகை, இந்த ஸ்டேஷன்களில் எந்த ஆல்பம் எவ்வளவு ஓடுகிறது என்று வாங்கித் தனிப் பட்டியலாகப் போட ஆரம்பித்தது. பெரிய ரேடியோவில் வராத, ஆனால் இந்தப் பட்டியலில் மேலே நின்ற இசைக்குத்தான் மெல்ல 'ஆல்டர்நேட்டிவ்' என்ற பேர் ஒட்டியது. கிடாரை எப்படி வாசிக்கிறான் என்பதை வைத்து வந்த பேர் இல்லை. எந்த வழியாக வந்தது என்பதை வைத்து வந்த பேர்.

ஜார்ஜியா மாநிலத்தில் ஏதென்ஸ் என்று ஒரு பல்கலைக்கழக ஊர். அங்கிருந்து வந்த ஆர்.இ.எம். குழுவின் முதல் முழு ஆல்பம் 'மர்மர்', 1983. பில்போர்டு விற்பனைப் பட்டியலில் 36-வது இடத்துக்கு மேல் ஏறவில்லை. ஆனால் அந்த வருஷத்தின் சிறந்த ஆல்பம் என்று ரோலிங் ஸ்டோன் விமர்சகர்கள் அதைத்தான் சொன்னார்கள். மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' விற்பனையில் ஊரையே அடித்துக்கொண்டு போன வருஷம் அது! விற்பனைப் பட்டியலும் ரசனைப் பட்டியலும் ஒன்றை ஒன்று முறைத்துக்கொண்டு நின்றதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

ரசனைக்கு எப்படி மார்க் போடுவது? 'வில்லேஜ் வாய்ஸ்' பத்திரிகையின் ராபர்ட் கிறிஸ்ட்காவ் ஒரு அழகான முறை வைத்திருந்தார். ஒவ்வொரு விமர்சகருக்கும் 100 புள்ளி. அதைப் பத்து ஆல்பத்துக்குப் பிரிக்க வேண்டும். ஒன்றுக்கு 30-க்கு மேல் போகக் கூடாது, 5-க்குக் கீழேயும் கூடாது. பட்ஜெட் மாதிரிதான். ஒன்றுக்குக் கூட்டினால் இன்னொன்றுக்குக் குறையும். நம்ம ரெக்கார்டிங் சென்டர் தாளின் கொஞ்சம் படித்த அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம்.

விற்பனைப் பட்டியலாவது ஒழுங்காக இருந்ததா என்றால், அதுவும் இல்லை. 1991 வரை கடைக்காரர்கள் 'இந்த வாரம் இது நன்றாகப் போகிறது' என்று சொல்வதை வைத்துத்தான் பில்போர்டு ஆல்பம் பட்டியல் தயாரானது. கடைக்காரர் எதைக் கேட்கிறாரோ, எந்தக் கம்பெனி ஆள் அவரிடம் நன்றாகப் பேசுகிறாரோ, அது மேலே போகும். 1991 மே 25 இதழிலிருந்து சவுண்ட்ஸ்கேன் முறை வந்தது. கல்லாவில் பார்கோடு விழுந்தால்தான் கணக்கு. தணிக்கையாளர் கடைக்குள் நுழைந்த மாதிரி எல்லாம் தலைகீழ்! ராப்பும் கன்ட்ரி இசையும் திடீரென்று மேலே தெரிந்தன. அவை புதிதாக விற்க ஆரம்பிக்கவில்லை. முன்பே விற்றுக்கொண்டிருந்தது இப்போதுதான் எண்ணப்பட்டது, அவ்வளவுதான்.

நாலு மாதம் கழித்து 'நெவர்மைண்ட்'. கம்பெனி முதலில் அமெரிக்கக் கடைகளுக்கு அனுப்பியது சுமார் 46,000 பிரதிகள். அவர்கள் நம்பிக்கை அவ்வளவுதான். கல்லூரி ரேடியோ தூக்கியது, எம்.டி.வி. பிடித்துக்கொண்டது. 1992 ஜனவரி 11 பட்டியலில் மைக்கேல் ஜாக்சனின் 'டேஞ்சரஸ்' ஆல்பத்தைக் கீழே தள்ளி முதல் இடம். கிறிஸ்ட்காவின் 1991 ஓட்டெடுப்பிலும் அதுவே முதல். ரெண்டு பட்டியலும் ஒருவழியாகக் கை குலுக்கின. அன்றோடு 'ஆல்டர்நேட்டிவ்' என்ற பேருக்கு அர்த்தமே போய்விட்டது என்று சொல்கிறவர்கள் உண்டு. நம்பர் ஒன் ஆனது எதுக்கு மாற்று? நியாயமான கேள்விதான்.

இந்தியாவுக்கு இது வந்த வழி ஸ்டார் டி.வி. 1991-ல் ஹாங்காங்கிலிருந்து தொடங்கிய அந்தச் சேவையில் எம்.டி.வி.யும் ஒரு சேனல். கேபிள் இருந்த வீட்டுக்கு நண்பர்கள் படையெடுத்தார்கள். ஆனால் பாட்டைப் பார்க்க முடிந்ததே தவிர, ஆல்பம் கையில் கிடைப்பது கஷ்டம். சென்னைக்குப் போகிறவரிடம் சொல்லி வாங்கி வர வேண்டும். வந்த ஒரு கேசட்டை டபுள் டெக் டேப் ரெக்கார்டரில் போட்டு நகல் எடுப்பார்கள். நகலின் நகலில் கிடாரைவிட இரைச்சல் ஜாஸ்தி. (அந்த வகை ராக்கில் பெரிய வித்தியாசம் தெரியாது என்பது வேறு விஷயம்!) இப்படி ஒரு நிலைமையில் 'இதுதான் டாப்' என்று ஒருத்தன் சொன்னால், அடுத்த காலி கேசட்டில் எதைப் பதிவது என்பதே அதில் முடிவாகிவிடும். கையில் கிடைக்காத ஆல்பத்துக்கு ஓட்டும் கிடையாது.

இந்தப் பஞ்சத்தில்தான் 1993-ல் அலகாபாத்திலிருந்து 'ராக் ஸ்ட்ரீட் ஜர்னல்' வந்தது. அமித் சைகலும் அவர் மனைவி ஷேனா கமாட்டும் நடத்தியது. பம்பாயிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ இல்லை, அலகாபாத்திலிருந்து! இந்திய ராக் குழுக்களைப் பற்றி எழுதினார்கள், அவர்களுடைய பாட்டைத் தொகுத்து வெளியிட்டார்கள், 'கிரேட் இந்தியன் ராக்' விழா நடத்தினார்கள். அமித் சைகல் 2012-ல் காலமானார். நம் நாட்டு ராக் குழுக்கள் ஒருவரை ஒருவர் தெரிந்துகொண்டதில் அந்தப் பத்திரிகையின் பங்கு பெரியது.

சொந்த மொழிக்கு வர இன்னும் காலம் பிடித்தது. மலையாளத்தில் 'அவியல்' குழுவின் ஆல்பம் 2008-ல் வந்தது. தமிழ் தெரிந்த ராக் ரசிகர்கள் பலருடைய பட்டியலிலும் அது நுழைந்தது உண்மை. தமிழில் கானாவையும் ராப்பையும் ராக்கையும் கலந்து 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதன்முதலாக மேடை ஏறியது 2018 ஜனவரியில், சென்னை கீழ்ப்பாக்கத்தில். பெரிய ரேடியோவில் இடமில்லாத பாட்டுதான் ஆல்டர்நேட்டிவ் என்றால், சென்னையின் கானாவுக்கு அந்தப் பேர் எப்போதோ பொருந்தியிருக்க வேண்டும். யாரும் அப்படிப் பட்டியல் போடவில்லை, அதுதான் குறை.

ஓட்டுப் போடுகிறவர் மாறினால் வரிசை எவ்வளவு மாறும் என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ரோலிங் ஸ்டோன் 2003-ல் போட்ட 500 சிறந்த ஆல்பங்கள் பட்டியலில் 'நெவர்மைண்ட்' 17-வது, ரேடியோஹெட்டின் 'ஓகே கம்ப்யூட்டர்' 162-வது. அதே பத்திரிகை 2020-ல் புது ஆட்களிடம் ஓட்டு வாங்கிப் புதிதாகப் போட்டபோது 'நெவர்மைண்ட்' 6, 'ஓகே கம்ப்யூட்டர்' 42. இடையில் அந்த ஆல்பங்களில் ஒரு ஸ்வரம்கூட மாறவில்லை. இத்தனைக்கும் 1998-லேயே இங்கிலாந்தின் 'க்யூ' பத்திரிகை வாசகர்கள், வெளிவந்து ஒரே வருஷம் ஆன 'ஓகே கம்ப்யூட்டர்'தான் எல்லாக் காலத்துக்கும் சிறந்த ஆல்பம் என்று சொல்லிவிட்டார்கள். ஒரே வருஷத்தில் எல்லாக் காலமும் தெரிந்துவிட்டது அவர்களுக்கு :-)

இப்போது அந்த 2002 பட்டியல். பி.பி.சி. உலக சேவை எழுபது வருஷம் ஆனதைக் கொண்டாட, உலகத்தின் பிரியமான பாட்டு எது என்று நேயர்களிடம் கேட்டது. 150-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து ஓட்டு வந்தது. முதல் இடம், அயர்லாந்தின் உல்ஃப் டோன்ஸ் குழு பாடிய 'எ நேஷன் ஒன்ஸ் அகெயின்'. இரண்டாவது 'வந்தே மாதரம்'. மூன்றாவது பாகிஸ்தானின் வைட்டல் சைன்ஸ் குழு பாடிய 'தில் தில் பாகிஸ்தான்'. நாலாவது 'தளபதி' படத்தின் 'ராக்கம்மா கையத் தட்டு'! ஷேர் பாடிய 'பிலீவ்' எட்டாவது இடத்திலும், குயீன் குழுவின் 'பொஹீமியன் ராப்சடி' பத்தாவது இடத்திலும் இருந்தன. நிர்வாணா பத்தில் இல்லை.

ஐரிஷ் பாட்டு முதலில் வந்தது ஈமெயில் பிரசாரத்தால்தான் என்று சொன்னார்கள். மற்ற நாட்டுக்காரர்களும் தங்கள் ஆட்களைத் திரட்டியிருக்கலாம். கணக்கியல்படி பார்த்தால் இது நல்ல மாதிரிக் கணக்கெடுப்பே இல்லை, யாருக்கு ஆர்வமோ அவர்தான் வந்து போடுகிறார். ஆனால் யோசித்துப் பார்த்தால் நேயர் சங்கத்துத் தபால் அட்டையும் இதேதான், கல்லூரி ரேடியோவும் இதேதான். நாலு பேர் சேர்ந்து 'இதைக் கேட்டுப் பாருங்கப்பா' என்று பிடிவாதம் பிடிப்பது.

அந்தப் பத்தில் ஐந்தாவது இடமும் தமிழ்ப் பாட்டுக்குத்தான். திருமலை சந்திரன் பாடிய 'பூவும் நடக்குது பிஞ்சும் நடக்குது'. ராக்கம்மாவைத் தெரியாதவர் நம் ஊரில் கிடையாது. ஐந்தாவதை எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? கேட்காதவர்கள் தேடிக் கேட்டுவிட்டு, உங்கள் வரிசையில் அதற்கு எந்த இடம் என்று அப்புறம் சண்டை போடலாம்.