செட்டியார் தெருப் பேரேடும் அதன் மறைவும்

வணிகனுக்குப் பொருள் எத்துணை முதலோ, அவன் கணக்கின் மறைவும் அத்துணை முதலேயாம். 1510இல் உரோமில் அச்சேறிய தம் பயண நூலில், இத்தாலியரான வர்த்தேமா, கள்ளிக்கோட்டை வணிகர் துணியின் மறைவிலே விரல் தொட்டு விலை பேசியதை விரித்துரைக்கின்றார். சுற்றி நின்றோர் பேரம் நிகழ்வதைக் கண்டனர்; விலையை அறிந்திலர். தமிழகத்து மாட்டுச் சந்தைகளிலும் இவ்வழக்கம் நெடுங்காலம் நிலவிற்று.

கொழும்புச் செட்டியார் தெருவில் இம்மறைவு வேறோர் உருவம் பெற்றது. நாட்டுக்கோட்டை நகரத்தாரின் கிட்டங்கிகளில் ஒரே கூடத்திற் பல நிலையங்கள் தொழில் நடத்தின. நிலையத்துக்கொரு பெட்டி, பெட்டிக்கொரு முகவர். முகவர் தம் கணக்கை ஊரிலிருந்த முதலாளிக்கு ஒப்புவித்தார். அடுத்த பெட்டிக்காரர் கோத்திரத்தாரேயாயினும் அந்த ஏட்டில் அவருக்கு உரிமையில்லை. ஆயினும் யாவற்றையும் மறைத்தாரல்லர். இரங்கூன் மொகல் தெருவிலே நகரத்தார் கோயிலிற் கூடி வட்டி வீதத்தை வகுத்தனர். வீதம் பொதுவில் நின்றது. கடனாளியின் பெயர் பெட்டியில் நின்றது. இப்பகுப்பே அவர்தம் நுண்மதிக்குச் சான்றாகும்.

குறையும் இங்கேயே இருந்தது. கோட்டையிலிருந்த ஆங்கில வங்கிகள் சிறாப்பரின் பிணையை நம்பியே கடன் கொடுத்தன. ஒரு நிலையத்தின் மொத்தக் கடனைப் புறத்தார் அறிதல் அரிது. 1925இல் கொழும்பில் முறிவு நேர்ந்தபோது வங்கிகள் நகரத்தார்க்குரிய கடனைச் சுருக்கின. நாணயம் தவறாதவரும் உடன் இடர்ப்பட்டனர். தம் ஏட்டைத் திறவாது தம் நேர்மையை நிறுவ அவர்க்கு வழியில்லை. 1934இல் பொச்கன்வாலா தலைமையில் வங்கி ஆணைக்குழு அமைந்தது. 1939இல் இலங்கை வங்கி தோன்றிற்று.

2009இல் இயங்கத் தொடங்கிய பிட்காயின், எவரும் படிக்கத்தக்க பொதுப் பேரேடாகும். போட்டி வணிகர் தம் விலையை அதில் எழுத ஒருப்படார். ஆதலின் ஹைப்பர்லெட்ஜர் ஃபேப்ரிக் போன்ற வணிகத் தொடரேடுகள், உரியவர் மட்டும் காணும் தனித்தனி வழிகளை வகுத்தன. கிட்டங்கிப் பெட்டிகளே மீண்டன எனலாம். 1985இல் கோல்டுவாசர், மிக்காலி, ராக்கொஃப் ஆகியோர், மறைபொருளை வெளியிடாமலே ஒரு கூற்றின் மெய்ம்மையை நிறுவும் முறையை வகுத்தனர். 1925இல் செட்டியார் தெரு வேண்டி நின்றது இதுவே.

எனினும் புதிய சிக்கலொன்று உண்டு. இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன் விவரத்தை அழிக்கக் கோரும் உரிமையை ஒருவனுக்கு அளிக்கின்றது. தொடரேட்டிலோ எழுதியது அழியாது. கறையான் அரிக்கும் காகிதப் பேரேட்டுக்கு இத்தொல்லை இருந்ததில்லை. இதனால் அமைப்போர், ஆளின் விவரத்தைப் புறத்தே வைத்து, அதன் கணித முத்திரையை மட்டும் தொடரேட்டிற் பொறிக்கின்றனர்.