கைக்கடிகாரம் கூறும் வரலாறு

நாழிகை வட்டிலைக் கொண்டு பொழுதறிந்த பண்டைக் காலம் முதலாகவே, காலத்தை அளக்கும் கருவி மாந்தரின் நுண்ணறிவுக்கு ஓர் உரைகல்லாக விளங்கி வந்துள்ளது. முதலீடும் போட்டியும் ஒரு தொழிலை எங்ஙனம் உருமாற்றுகின்றன என்பதை ஆராய விழைவோர்க்குக் கைக்கடிகாரத் தொழிலின் வரலாறு தெளிவானதொரு சான்றாகும்.

இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் இத்துறையின் முடிசூடா மன்னனாக விளங்கிய நாடு சுவிட்சர்லாந்து. புதிய தொழிற்சாலை தொடங்கவும் உதிரிப் பாகங்களை ஏற்றுமதி செய்யவும் உரிமம் வேண்டும் என அந்நாடு 1934இல் விதித்தது. பொருளாதார மந்தத்தினின்று தொழிலைக் காக்க எழுந்த வேலி அது. நாளடைவில் அதுவே உள்நாட்டுப் போட்டியைத் தடுக்கும் மதிலுமாயிற்று. ஆராய்ச்சியில் அவர்கள் பின்தங்கினர் என்று கூறுவதற்கில்லை. 1962இல் நியூஷாட்டெல் நகரில் கூட்டு ஆராய்ச்சி நிலையம் ஒன்றை அமைத்தனர்; குவார்ட்ஸ் படிகத்தால் இயங்கும் கைக்கடிகாரத்தின் முன்மாதிரியை 1967இலேயே உருவாக்கியும் காட்டினர். ஆயினும், சாவி கொடுக்கும் கடிகாரம் செழிப்பாக விற்றுக்கொண்டிருக்கையில், புதியதைப் பெருமளவில் செய்வதற்குப் பணமிட அவர்கள் விரையவில்லை.

ஜப்பானின் சீக்கோ நிறுவனத்தின் நிலை வேறு. சுவா, டாய்னி என்னும் அதன் இரு ஆலைகளும் ஒரு தாய் மக்களைப் போன்றவையாயினும் ஒன்றையொன்று விஞ்ச முனைந்தன. நியூஷாட்டெல் வானாய்வகம் நடத்திய துல்லியப் போட்டிகளிலும் அவை தனித்தனியே பங்குபெற்றன. அம்முயற்சிகளின் பயனாக, 1969 டிசம்பர் 25 அன்று குவார்ட்ஸ் அஸ்ட்ரான் கைக்கடிகாரம் டோக்கியோவில் விற்பனைக்கு வந்தது. மாதமொன்றுக்கு ஏறத்தாழ ஐந்து வினாடிக்கு மேல் பிறழாத அக்கடிகாரத்தின் விலை 4,50,000 யென். அந்நாளில் ஒரு சிறு மோட்டார் காரின் விலை அது! ஆனால் ஆலைகள் பெருகப் பெருக விலை இறங்கிற்று. செல்வர்க்கே உரியதாயிருந்த துல்லியம் எளியோர் கைக்கும் எட்டியது.

இதன் விளைவு சுவிட்சர்லாந்தில் கொடிதாக இருந்தது. 1970இல் ஏறத்தாழ 90,000 பேர்க்கு வாழ்வளித்த தொழில், 1980களின் நடுவில் முப்பதாயிரத்துச் சொச்சம் பேரையே தாங்கி நின்றது. அந்நாட்டு நாணய மதிப்பின் உயர்வும் இதற்கு ஒரு காரணமே. எனினும் தொழிலாளரின் கைத்திறன் குன்றியதாகச் சொல்ல இயலாது. காலந்தாழ்த்தியோர் சிலர்; வேலை இழந்தோர் பல்லாயிரவர்.

வீழ்ந்தோரை மீண்டும் எழச் செய்ததும் போட்டியே. வங்கிகளின் தூண்டுதலால் இரு பெருங்குழுமங்கள் 1983இல் ஒன்றிணைந்தன. அவ்வாண்டு மார்ச்சில் வெளிவந்த ஸ்வாட்ச் கடிகாரம் 51 பாகங்களே கொண்டது. எளிய அமைப்பும் தானியங்கிப் பொறிகளும் செலவைக் குறைக்க, ஜப்பானியப் பொருளோடு சுவிஸ் பொருள் மீண்டும் தோள்தட்டி நின்றது.

இவ்வரலாறு நம் நாட்டிலும் நிகழ்ந்ததுண்டு. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்துடன் கூடிப் பெங்களூரில் 1961இல் கைக்கடிகாரத் தொழிற்சாலை கண்டது எச்.எம்.டி. திருமணத்தில் மாப்பிள்ளையின் கையில் அந்நிறுவனத்தின் கடிகாரத்தைக் கட்டி மகிழ்ந்த தலைமுறையினர் இன்றும் நம்மிடையே உள்ளனர். இறக்குமதிக் கட்டுப்பாடும் உரிம முறையும் அதற்கு அரணாயிருந்தன. குவார்ட்ஸ் கடிகாரத்தை அறிந்திருந்தும் அந்நிறுவனம் சாவி கொடுக்கும் கடிகாரத்தையே பெரிதும் நம்பியிருந்தது. 1984இல் டாட்டா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் இணைந்து டைட்டன் நிறுவனத்தை உருவாக்கின. ஓசூர் ஆலையினின்று வந்த குவார்ட்ஸ் கடிகாரங்கள் துல்லியத்தோடு அழகையும் அங்காடிக்குக் கொணர்ந்தன. எச்.எம்.டி.யின் கடிகார நிறுவனத்தை மூட நடுவண் அரசு 2016இல் ஒப்புதல் அளித்தது.

அறிவும் திறனும் மட்டுமே ஒரு தொழிலைக் காப்பதில்லை. பாதுகாப்பும் நெடுநாள் காப்பதில்லை. நன்றாக விற்கும் காலத்திலேயே வருவாயின் ஒரு பகுதியைப் புதுமைக்கு ஈடுபடுத்துவோரே நிலைபெறுவர். அப்பொறுப்பை உணராதார் இழப்பது இலாபத்தை மட்டுமன்று. தம்மை நம்பி உழைத்தோரின் வாழ்வையும் கூட என்பதைக் கைக்கடிகாரத்தின் வரலாறு நமக்கு உணர்த்துகின்றது.