அடுத்த வருஷம் பார்ப்போம்: ஓர் ஊரும் அதன் அணியும்

(கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.)

ஒரு விளையாட்டு அணி யாருடையது? காசு கொடுத்து வாங்கிய முதலாளியுடையதா, வெயிலிலும் மழையிலும் போய் நின்று கத்திய ஊர் மக்களுடையதா? இந்தக் கேள்விக்கு வரலாறு ஒரு தடவை மிகக் கசப்பான பதில் சொல்லியிருக்கிறது. இடம் நியூயோர்க் நகரின் புரூக்ளின் பகுதி. விளையாட்டு பேஸ்போல்.

பேஸ்போல் நமக்கு அவ்வளவு பழக்கமில்லை. ஆனால் எல்லே பார்த்தவர்களுக்கு விளங்குவது கஷ்டமில்லை. பந்தை அடித்துவிட்டு, வரிசையாக இருக்கும் நிலைகளைத் தொட்டுக்கொண்டு ஓடி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தால் ஓர் ஓட்டம். அமெரிக்காவில் இரண்டு பெரிய லீக்குகள் உண்டு. அந்தக் காலத்தில் ஒவ்வொரு அணியும் வருஷத்துக்கு 154 போட்டிகள் ஆடும். இரண்டு லீக்குகளிலும் முதலாவதாக வந்த அணிகள் ஒக்டோபர் மாதத்தில் மோதிக்கொள்ளும். அதற்குப் பெயர் வேர்ல்ட் சீரிஸ். ஏழு போட்டிகளில் நான்கை முதலில் வெல்லும் அணிதான் சம்பியன்.

புரூக்ளின் 1898 வரை ஒரு தனி நகரம். பிறகு நியூயோர்க்குடன் இணைக்கப்பட்டது. தனி நகரம் என்ற அந்தஸ்து போன பிறகு, "இது எங்களுடையது" என்று சொல்ல மிஞ்சியவற்றில் முக்கியமானது அவர்களுடைய பேஸ்போல் அணி. டொஜர்ஸ் என்ற பெயரே அந்த ஊரின் வீதிகளில் பிறந்ததுதான். மின்சார டிராம் வண்டிகள் வந்த காலத்தில், அவற்றில் அடிபடாமல் விலகி விலகி ஓடும் மக்கள் என்று புரூக்ளின்காரர்களைப் பகிடி பண்ணுவார்கள். அந்தப் பகிடிதான் அணியின் பெயரானது.

1913இல் திறக்கப்பட்ட எபெட்ஸ் ஃபீல்ட் என்ற மைதானத்தில் சுமார் 32,000 பேர்தான் இருக்கலாம். கதிரைகள் ஆடுகளத்துக்கு மிகக் கிட்ட இருந்தன. ஹில்டா செஸ்டர் என்ற பெண்மணி ஒரு மாட்டு மணியை ஆட்டிக்கொண்டே கத்துவார். தாளம் தப்பிய ஒரு ரசிகர் வாத்தியக் கோஷ்டியும் அங்கே இருந்தது. தங்கள் வீரர்களை அவர்கள் செல்லமாக அழைத்த பெயர் "பம்ஸ்". உதவாக்கரைகள் என்று அர்த்தம். அப்படித் திட்டும் உரிமை ஊர்க்காரருக்கு மட்டும்தான்.

திட்டுவதற்குக் காரணமும் இருந்தது. 1916இலும் 1920இலும் வேர்ல்ட் சீரிஸில் தோல்வி. பிறகு 1941, 1947, 1949, 1952, 1953 என்று ஐந்து தடவை இறுதிக்குப் போய், ஐந்து தடவையும் ஒரே அணியிடம் தோற்றார்கள். அந்த அணி அதே நகரத்தின் யாங்கீஸ். 1941இன் நான்காவது போட்டியில் 4-3 என்று முன்னிலை. இன்னும் ஒரே ஓர் ஆட்டக்காரரை வெளியேற்றினால் வெற்றி. அந்தக் கடைசி ஆளும் பந்தைத் தவறவிட்டார். ஆனால் பின்னால் இருந்த மிக்கி ஓவனின் கையிலிருந்து பந்து நழுவியது. சட்டப்படி ஆட்டம் தொடர்ந்தது. முடிவில் 7-4 என்று தோல்வி.

1951 இன்னும் மோசம். ஓகஸ்டில் 13 போட்டிகள் முன்னிலையில் இருந்த அணி, ஒக்டோபர் 3ஆம் திகதி கடைசி நேரத்தில் பொபி தொம்சன் அடித்த ஒரே அடியில் ஜயன்ட்ஸ் அணியிடம் எல்லாவற்றையும் இழந்தது. அந்தப் பருவத்தில் ஜயன்ட்ஸ் தொலைநோக்கி வைத்து எதிரணியின் சைகைகளைக் களவாகப் பார்த்தது 50 வருஷம் கழித்து விவரமாக வெளிவந்தது.

ஒவ்வொரு ஒக்டோபரும் முடியும்போது புரூக்ளின் சொன்னது ஒரே வாசகம்தான்: "அடுத்த வருஷம் பார்ப்போம்."

இந்த ரசிகர்களைத் தோற்றுப்போனவர்கள் என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம். 1947 ஏப்ரல் 15ஆம் திகதி, ஜெக்கி ரொபின்சன் டொஜர்ஸ் சீருடையில் களமிறங்கினார். 60 வருஷங்களுக்கு மேலாக பெரிய லீக்குகளில் ஒரு கறுப்பின வீரருக்கும் இடமிருக்கவில்லை. எதிரணிகள் அசிங்கமாக ஏசின. சில நகரங்களில் ஹோட்டல்கள் இடம் கொடுக்க மறுத்தன. அந்த வருஷம் எபெட்ஸ் ஃபீல்டுக்கு வந்தவர்கள் 18 லட்சம் பேர். நிறவெறியை அணிப்பற்று ஒரே நாளில் ஒழித்துவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் ரொபின்சன் எடுத்த ஓட்டம் "எங்கள்" ஓட்டம் என்று ஓர் ஊர் எழுந்து கத்தப் பழகியது. அது சின்ன விஷயமல்ல.

இன்னொரு சம்பவம். கில் ஹொட்ஜஸ் நட்சத்திர வீரர். 1952 வேர்ல்ட் சீரிஸில் 21 வாய்ப்புகளில் ஒரு தடவைகூட அவரால் சரியாக அடிக்க முடியவில்லை. அடுத்த வருஷ ஆரம்பத்திலும் அதே நிலை. வேறு ஊராக இருந்தால் ஏசி விரட்டியிருப்பார்கள். புரூக்ளின் மக்கள் அவருக்கு ஆறுதல் கடிதங்கள் எழுதினார்கள். ஒரு தேவாலயத்தில் பாதிரியார், இன்று வெக்கை அதிகம், பிரசங்கம் இல்லை, வீட்டுக்குப் போய் ஹொட்ஜஸுக்காகப் பிரார்த்தியுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

1955 ஒக்டோபர் 4. மீண்டும் யாங்கீஸ், ஏழாவது போட்டி, அவர்களுடைய மைதானத்தில். பந்து வீசியவர் 23 வயது ஜொனி பொட்ரெஸ். ஆறாவது சுற்றில் யோகி பெரா அடித்த பந்து இடது மூலையை நோக்கிப் பறந்தது. கியூபாவிலிருந்து வந்த சான்டி அமொரோஸ் ஓடிப்போய் எட்டிப் பிடித்தார். அவர் இடதுகைக்காரர், கையுறை வலது கையில் இருந்ததால்தான் அந்தப் பந்து எட்டியது. முடிவு 2-0. அந்த இரண்டு ஓட்டங்களையும் பெற்றுக்கொடுத்தவர் யார் தெரியுமா? கில் ஹொட்ஜஸ்.

"அடுத்த வருஷம்" வந்துவிட்டது. ஆனால் அணி அந்த ஊரில் இருந்தது இன்னும் இரண்டே வருஷம்.

ஏன்? இங்கேதான் வரலாற்றை நிதானமாகப் பார்க்க வேண்டும். உரிமையாளர் வோல்டர் ஓமாலி பேராசைக்காரர் என்று புரூக்ளின் இன்றும் சொல்லும். அதில் உண்மை உண்டு. ஆனால் மைதானம் பழையது. சுற்றிவர சுமார் 700 கார்களுக்குத்தான் தரிப்பிடம். புரூக்ளினிலேயே புது மைதானம் கட்ட அவர் காணி கேட்டார். நகர நிர்மாணத்தைக் கையில் வைத்திருந்த ரொபர்ட் மோசஸ் மறுத்து, குயின்ஸ் பகுதியில் வேறு இடம் காட்டினார். இதற்கிடையில் ரசிகர்களும் மாறியிருந்தார்கள். பலர் புறநகர்களுக்குக் குடிபோனார்கள். வீட்டிலே தொலைக்காட்சியில் பார்த்தார்கள். சம்பியனான 1955இல்கூட மைதானத்துக்கு வந்தவர்கள் 10 லட்சத்தைச் சற்றுத் தாண்டியவர்கள்தான். நேசம் குறையவில்லை, வருகை குறைந்தது. முதலாளியின் கணக்குப் புத்தகத்தில் பதிவாவது வருகை மட்டும்தான்.

1957 செப்டெம்பர் 24ஆம் திகதி நடந்த கடைசிப் போட்டியைப் பார்க்க வந்தவர்கள் 6,702 பேர். இரண்டு கிழமையில், அணி லொஸ் ஏஞ்சல்ஸ் போகிறது என்ற அறிவிப்பு வந்தது. 1960இல் எபெட்ஸ் ஃபீல்டை இடித்த இரும்புக் குண்டுக்கு பேஸ்போல் பந்து மாதிரி வர்ணம் பூசியிருந்தார்கள். இன்று அங்கே தொடர்மாடி வீடுகள்.

லொஸ் ஏஞ்சல்ஸில் கதை வேறு விதமாகக் கசந்தது. புது மைதானம் எழுந்த சாவேஸ் ரவீனில் முன்பு குடியிருந்தவர்கள் மெக்சிக்கோ வம்சாவளிக் குடும்பங்கள். அரசாங்க வீட்டுத் திட்டத்துக்கென்று எடுத்த காணி அது. திட்டம் கைவிடப்பட்டது. 1959இல் கடைசிக் குடும்பங்களைப் பொலிஸார் பலவந்தமாக வெளியேற்றினார்கள். ஓர் ஊர் அணியை இழந்தது. இன்னோர் ஊர் வீட்டையே இழந்தது. இருவரிடமும் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

ஆக, அணி யாருடையது? சட்டம் சொன்ன பதில் தெளிவு: உறுதி யார் பெயரிலோ அவருடையது. ஆனால் ஹொட்ஜஸின் வாழ்க்கை வேறு பதில் சொல்கிறது. விளையாட்டு முடிந்த பிறகும் அவர் புரூக்ளினிலேயே வீடு வைத்து வாழ்ந்தார். 1962இல் உருவான நியூயோர்க் மெட்ஸ் அணி தன் நீல நிறத்தை டொஜர்ஸிடமிருந்து எடுத்துக்கொண்டது. 1969இல் அந்த மெட்ஸை சம்பியனாக்கிய பயிற்றுநர் அதே ஹொட்ஜஸ்தான். அவரும் ரொபின்சனும் 1972இல் காலமானார்கள். இருவரும் அடக்கம் செய்யப்பட்டிருப்பது புரூக்ளினில்.

ஒரு கழகத்தின் மைதானம், காணி, பெயர் ஆகியவற்றைப் பற்றி யாராவது மேசையைச் சுற்றியிருந்து முடிவெடுக்கும்போது, அந்த 6,702 பேரை நினைத்துக்கொள்வது நல்லது. வராமல் வீட்டிலிருந்து நேசித்தவர்களையும் சேர்த்துத்தான்.

உங்கள் தீர்ப்பு என்ன? பிழை ஓமாலியிலா, மோசஸிலா, மைதானத்துக்குப் போகாமல் விட்ட ரசிகர்களிலா? கீழே எழுதுங்கள்.