கொக்கிளாயின் கருமணலும் ஷார்ப்லெஸ்ஸின் ஊக்கியும்

முல்லைத்தீவு மாவட்டத்தின் தென்கோடியில், கடலும் களப்பும் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது கொக்கிளாய். களப்பின் முகத்துவாரத்துக்குத் தெற்கே புல்மோட்டை. அங்கே மாவட்டமும் மாகாணமும் மாறிவிடுகின்றன. மணல் மட்டும் மாறுவதில்லை. அலை விட்டுச்செல்லும் மணலில் கரும்பட்டைகள் ஓடுகின்றன. கையில் அள்ளினால் வழமையான மணலைவிடப் பாரமாக இருக்கும். இரும்பும் தைத்தேனியமும் ஒட்சிசனும் சேர்ந்த இல்மனைற் என்னும் கனிமம் அது. அதனோடு உரூட்டைல், சிர்கோன் ஆகியனவும் கலந்திருக்கின்றன.

இந்த மணலைப் பற்றி நமது பத்திரிகைகள் எழுதியவை பெரும்பாலும் அரசியல் சார்ந்தவை. 1957இல் அரசு கனிய மணற் கூட்டுத்தாபனத்தை அமைத்ததும், 1984ஆம் ஆண்டின் இறுதியில் கொக்கிளாய், கருநாட்டுக்கேணி, கொக்குத்தொடுவாய் மக்கள் தங்கள் ஊர்களிலிருந்து வெளியேற்றப்பட்டதும், கால் நூற்றாண்டு அலைந்து போர் முடிந்த பின்னரே அவர்கள் திரும்பியதும், திரும்பியவர்களுக்குக் காணிப் பிணக்குகள் காத்திருந்ததும் எழுதப்பட வேண்டியவையே. நானும் என் பங்குக்கு எழுதியிருக்கிறேன். ஆனால் அந்த மணலுக்குள் இருக்கும் தைத்தேனியம் என்ற உலோகம் இருபதாம் நூற்றாண்டின் இரசாயனவியலில் என்ன சாதித்தது என்பது நம்மிடையே அதிகம் பேசப்படவில்லை. அதைப் பேசவே இக்கட்டுரை.

தைத்தேனியம் கண்டறியப்பட்டதும் கருமணலில்தான் என்பது பலருக்குத் தெரிந்திராது. 1791இல் இங்கிலாந்தின் கோர்ன்வால் பகுதியில் வில்லியம் கிரெகர் என்ற மதகுரு, ஓடைக்கரையில் கிடந்த கரிய மணலை ஆராய்ந்து, அதில் இரும்போடு அதுவரை அறியப்படாத ஏதோ ஒன்றும் இருப்பதாக அறிவித்தார். நான்கு ஆண்டுகளின் பின்னர் ஜேர்மனியரான கிளாப்ரோத் அதற்குக் கிரேக்கப் புராணத்தின் பூதகணங்களான டைட்டன்களின் பெயரைச் சூட்டினார். கோர்ன்வாலின் அந்த மணலும் கொக்கிளாயின் இந்த மணலும் ஒரே இனம்.

இடமும் வலமும்

இனி வேறொரு விடயத்துக்கு வர வேண்டும். நமது இடக்கையும் வலக்கையும் ஒன்றன் ஆடி விம்பம் மற்றொன்று. ஆனால் இடக்கையின் உறை வலக்கைக்குப் பொருந்தாது. மூலக்கூறுகள் பலவற்றுக்கும் இத்தகைய கைத்தன்மை உண்டு. 1848இல் லூயி பாஸ்டர் இதனைக் கண்டார். திராட்சை மதுவோடு தொடர்புடைய தார்த்தாரிக் அமிலத்தின் உப்புப் பளிங்குகளை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து, இடவகையையும் வலவகையையும் இடுக்கியால் பிரித்தெடுத்தார். அதே தார்த்தாரிக் அமிலம்தான் நமது புளியம்பழத்துக்கும் புளிப்பைக் கொடுக்கிறது.

உயிருள்ள உடல் இந்த வேறுபாட்டை மிகக் கறாராகக் கவனிக்கிறது. பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கப்படும் டோப்பா மருந்தின் ஒரு வகை மட்டுமே பயன் தரும். சாதாரணமாக ஆய்வுகூடத்தில் ஒரு பொருளைத் தயாரித்தால் இரண்டு வகைகளும் பாதிக்குப் பாதி கிடைக்கும். ஒரு வகையை மட்டும் ஆக்கித் தருவது நொதியங்களின் வேலை, அது இயற்கையின் தனியுரிமை என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. மனிதன் செய்த ஊக்கியால் அதைச் செய்விப்பதே சமச்சீரற்ற ஊக்கல். தமிழகத்து நூல்கள் ஊக்கியை வினையூக்கி என்று குறிப்பிடும்.

மீன்பிடியிலிருந்து வந்தவர்

இத்துறையில் பெரும்புகழ் பெற்ற பாரி ஷார்ப்லெஸ் 1941இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் பிறந்தவர். தந்தை சத்திரசிகிச்சை மருத்துவர். ஆனால் மகனின் மனம் நியூ ஜேர்சியின் மனஸ்குவான் ஆற்றிலும் அதை அடுத்த கடலிலும் கிடந்தது. நிறைய மீன் பிடிப்பதைவிட முன்பின் காணாத அரிய மீனைப் பிடிப்பதே தனது ஆசையாக இருந்ததென்றும், இரசாயனவியலில் இறங்கியபோது அந்த ஆசையே ஆய்வாக மாறியதென்றும் அவர் தன் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியிருக்கிறார். கொக்கிளாயில் வலை இழுக்கும் எந்தச் சிறுவனுக்கும் இந்த ஆசை புரியும்.

மருத்துவம் படிக்கும் எண்ணத்தோடு டார்ட்மத் கல்லூரிக்குச் சென்றவரை அங்கிருந்த ஓர் ஆசிரியர் ஆய்வின் பக்கம் திருப்பினார். 1968இல் ஸ்டான்போர்டில் கலாநிதிப் பட்டம். 1970இல் எம்.ஐ.டி.யில் விரிவுரைப் பணி. அங்கு சேர்ந்த சில காலத்திலேயே ஆய்வுகூடத்தில் ஒரு கண்ணாடிக் குழாய் வெடித்து ஒரு கண்ணின் பார்வையை இழந்தார். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் ஆய்வுகூடத்தில் நிற்காதீர்கள் என்று பிற்காலத்தில் மாணவர்களுக்கு அவர் சொன்ன அறிவுரை, சொந்த அனுபவத்திலிருந்து வந்தது.

1970களில் அவர் தேடியது ஒன்றுதான். இரட்டைப் பிணைப்புள்ள காபன் சேர்வைக்கு ஓர் ஒட்சிசன் அணுவைக் கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது அது ஒரு பக்கத்திலிருந்து மட்டுமே நுழைய வேண்டும். வனேடியத்தைக் கொண்டு முயன்றார். 1977இல் ஓரளவு பலன் கிடைத்தது. அந்தத் தெரிவு நடைமுறைக்குப் போதுமானதாக இல்லை. 1980 ஜனவரியில், ஸ்டான்போர்டில், யப்பானின் கியூஷூ பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த சுதோமு கத்சுகியோடு சேர்ந்து தைத்தேனியத்தைச் சோதித்தார். இவ்வினையில் தைத்தேனியம் மந்தமானது என்பதே அதுவரையிருந்த எண்ணம். அதனோடு தார்த்தாரிக் அமிலத்தின் எசுத்தர் ஒன்றைச் சேர்த்தபோது மந்தம் நீங்கியது, வினை விரைந்தது. அதைவிட முக்கியமாக, விளைந்த 100 மூலக்கூறுகளில் ஏறத்தாழ 95 ஒரே கையைச் சேர்ந்தனவாக இருந்தன. இயற்கையான தார்த்தாரிக் அமிலத்துக்குப் பதிலாக அதன் ஆடி விம்பத்தைச் சேர்த்தால் விளைபொருளும் கைமாறியது.

இது நடப்பது எப்படி? இரண்டு தைத்தேனிய அணுக்களும் இரண்டு தார்த்தாரிக் மூலக்கூறுகளும் சேர்ந்து ஒரு கூடு போல அமைகின்றன. ஒட்சிசனைக் கொடுக்கும் பெரொட்சைட்டையும் அதனைப் பெறும் அற்ககோலையும் தைத்தேனியம் அருகருகே பிடித்து வைக்கிறது. தார்த்தாரிக் மூலக்கூறு ஒரு பக்கத்தை மறைத்து நிற்கிறது. ஒட்சிசன் திறந்திருக்கும் பக்கத்தால்தான் நுழைய முடியும். துணை மூலக்கூறு திசையைக் காட்டுவதோடு வேகத்தையும் கூட்டுகிறது என்ற இக்கருத்தைப் பின்னாளில் ஷார்ப்லெஸ் குழுவினர் ஒரு பொதுக் கோட்பாடாகவே வளர்த்தெடுத்தனர்.

இங்கு கவனிக்க வேண்டியது, பயன்பட்ட பொருட்கள் எவையும் கிடைத்தற்கரியவை அல்ல என்பதே. கருமணலிலிருந்து எடுக்கப்படும் உலோகம், புளியிலும் திராட்சையிலும் உள்ள அமிலம். 1980களின் இறுதியில் அவர் ஒஸ்மியத்தைக் கொண்டு இன்னொரு முறையை உருவாக்கியபோது அதற்குத் திசைகாட்டியதும் சின்கோனா மரப்பட்டையிலிருந்து வரும் கொயினாவின் உறவுப் பொருட்களே. கோப்பி அழிந்த காலத்தில் இலங்கை மலையகத்தில் பெருமளவு நாட்டப்பட்ட அதே சின்கோனா.

செல்வாக்கின் தடங்கள்

ஒரு விஞ்ஞானியின் செல்வாக்கை விருதுகளால் மட்டும் அளப்பது பத்திரிகையாளர்களின் வழக்கம். ஷார்ப்லெஸ்ஸின் முறை எங்கெங்கு சென்றது என்று பார்ப்பதே சரியான அளவுகோல். 1983இல் எம்.ஐ.டி.யில் மசமுனேயோடு சேர்ந்து, இயற்கையில் அரிதான எட்டு இடக்கை வெல்லங்களையும் செயற்கையாக ஆக்கிக் காட்டினார். காடுகளை அழிக்கும் ஜிப்சி அந்துப்பூச்சியைப் பொறியில் வீழ்த்தும் டிஸ்பார்லூர் என்ற வாசனைப் பொருளும் இம்முறையில் தயாரானது. அப்பொருளின் ஒரு வகை பூச்சியை ஈர்க்கும். மற்ற வகை கலந்தால் ஈர்ப்புக் குன்றிவிடும். 1986இல் ஊக்கியைச் சிறிதளவே சேர்த்தாலும் போதும் என்ற நிலைக்கு அது செப்பனிடப்பட்டது.

1984இல் பிரான்சின் ஹென்றி ககான் இதே தைத்தேனிய, தார்த்தாரிக் சேர்க்கையைச் சற்று மாற்றிக் கந்தகச் சேர்வைகளுக்குப் பயன்படுத்தினார். அந்த வழியின் மேம்பட்ட வடிவமே, வயிற்று அமிலத்தைக் குறைக்கும் எசோமெப்பிரசோல் மருந்தைத் தொழிற்சாலையில் தயாரிக்க உதவியது. இன்று மருந்துக்கடைகளில் சாதாரணமாக விற்கப்படும் அந்தக் குளிசைக்குப் பின்னால் தைத்தேனியத்தின் கதை இருக்கிறது. யப்பானுக்குத் திரும்பிய கத்சுகியும், ஷார்ப்லெஸ்ஸிடம் பயின்று சென்ற எரிக் ஜேக்கப்சனும் 1990இல் தனித்தனியே மங்கனீசு ஊக்கிகளை உருவாக்கி, இத்துறையை மேலும் விரித்தனர்.

2001 ஒக்ரோபர் 10ஆம் திகதி நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. பரிசின் ஒரு பாதி ஷார்ப்லெஸ்ஸுக்கு. மறுபாதி, றோடியத்தைக் கொண்டு இத்துறைக்கு வழிதிறந்த வில்லியம் நோல்ஸுக்கும் றுத்தேனியத்தைக் கொண்டு அதனை விரிவாக்கிய றியோஜி நொயோரிக்கும். அன்றைய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆப்கானிஸ்தான் மீது குண்டுவீச்சுத் தொடங்கி மூன்று நாட்கள். கொழும்பில் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க நாடாளுமன்றத்தைக் கலைத்ததும் அதே நாளில்தான். செய்தி மேசையில் இரசாயனத்துக்கு இடம் கிடைக்கும் நாளல்ல அது. 2022இல் 'கிளிக்' இரசாயனவியலுக்காக ஷார்ப்லெஸ் மீண்டும் பரிசு பெற்றார். இருமுறை நோபல் பெற்ற ஐந்தாவது மனிதர் அவர்.

நமக்கு இதில் என்ன?

இவை யாவும் மேலைநாட்டுப் பெருங்கூடங்களில் நடந்தவை, நமக்கு எட்டாதவை என்று சிலர் எண்ணக்கூடும். அவர்களுக்கு ஐதராபாத் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த மாரியப்பன் பெரியசாமியைக் காட்டலாம். அமெரிக்காவில் எச்.சி. பிரவுணிடம் ஆய்வு செய்து நாடு திரும்பியவர். 1991இல், விலை குறைந்த சோடியம் போரோஐதரைட்டையும் அயடீனையும் சேர்த்துக் காபொட்சிலிக் அமிலங்களை அற்ககோல்களாக மாற்றும் எளிய வழியை அவரது குழு வெளியிட்டது. இரண்டு ஆண்டுகளின் பின் அமெரிக்காவின் மேயர்ஸ் குழு அதே இணையைக் கொண்டு அமினோ அமிலங்களை அமினோ அற்ககோல்களாக்கியது. சமச்சீரற்ற ஊக்கிகள் பலவற்றுக்குத் திசைகாட்டும் துணை மூலக்கூறுகள் இந்த அமினோ அற்ககோல்களிலிருந்தே செய்யப்படுகின்றன. தீப்பற்றும் அபாயமுள்ள விலையுயர்ந்த பொருட்கள் இல்லாத இடத்தில் பிறந்த சிந்தனை உலகெங்கும் பயன்பட்டது.

கொக்கிளாய், புல்மோட்டைக் கரையின் இல்மனைற் இதுகாலவரை பெரும்பாலும் மணலாகவே கப்பலேறியிருக்கிறது. வேறு நாடுகளில் அது வெண்தூளாகி, பூச்சாகவும் கடதாசியின் வெண்மையாகவும் குளிசையின் மேலுறையாகவும் மாறுகிறது. ஒவ்வொரு படியிலும் பெறுமதி பன்மடங்காகிறது. அந்தப் படிகளின் உச்சியில், ஊக்கியாக நிற்கும் தைத்தேனியம் சிறு போத்தல் ஒன்றுக்குள் அடங்கிவிடும். கொக்கிளாயின் மணல் ஸ்டான்போர்டுக்குப் போனது என்று நான் சொல்லவில்லை. மணலின் விலையை நிறுக்கும் தராசும் அறிவின் விலையை நிறுக்கும் தராசும் வேறு வேறு என்றே சொல்கிறேன்.

மணல் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியை நாம் கைவிட முடியாது. அதில் மக்களின் காணியும் கரைவலைப்பாடும் வாழ்வும் அடங்கியிருக்கின்றன. ஆனால் அந்த மணலின் அறிவு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியும் உடன் எழ வேண்டும். 1984இல் ஊரை விட்டுத் துரத்தப்பட்ட பிள்ளைகள் கொக்கிளாயில் இருந்து படிக்க முடியாமற்போன ஆண்டுகள் இருபத்தைந்துக்கும் மேல். இழந்த காணிக்கு உறுதி உண்டு; வழக்காடலாம். இழந்த படிப்புக்கு உறுதி எழுதுபவர் எவருமில்லை. மீண்டு வந்த ஊரில் ஒரு பள்ளிக்கூடத்து இரசாயன ஆய்வுகூடம் நன்றாக இயங்குமானால், அதையும் மீள்குடியேற்றத்தின் ஒரு பகுதியாகவே நான் கணக்கில் எடுப்பேன்.