நாற்பது ஆண்டுப் புகைப்பழக்கத்தை விட முடியுமா?

ரமலானில் ஓரிரவு, தராவீஹ் முடிந்து பள்ளிவாசல் படியிறங்கும்போது மஹல்லாவாசி ஒருவர் நம்மிடம் வந்தார். வயது அறுபது. இருபது வயதில் கடைக்கு வேலைக்குப் போன காலத்தில் பிடித்த பழக்கம், இன்னும் விடவில்லை. "ஹஜ்ரத், நாப்பது வருஷமா பீடி குடிக்கிறேன். இனிமே விட்டு என்ன ஆகப் போவுது? கெட வேண்டியதெல்லாம் கெட்டுப் போச்சு. விடவும் என்னால ஆகாது" என்றார்.

"நோன்பெல்லாம் வைக்கிறீங்களா?" என்று கேட்டோம்.

"அல்ஹம்துலில்லாஹ், ஒண்ணு விட்டதில்ல."

அவர் சொன்னதில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. இனி விட்டால் பயன் உண்டா என்பது ஒன்று. விட முடியுமா என்பது மற்றொன்று. பல ஆண்டுகளாகப் புகைக்கும் நம் வாப்பாமார்கள், அண்ணன்மார்கள் எல்லோரிடமும் இந்த இரண்டு கேள்விகளும் உண்டு.

இனி விட்டால் பயன் உண்டா?

இதற்கு மிகத் தெளிவான பதில் இங்கிலாந்திலிருந்து வந்தது. ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்ட் ஹில் என்ற இரு ஆய்வாளர்கள் புகைப்பழக்கத்துக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை 1950ல் வெளியிட்டனர். மறு ஆண்டு, 34 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண் மருத்துவர்களின் புகைப்பழக்கத்தைக் கேட்டறிந்து பதிவு செய்தனர். அவர்களை 50 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததன் முடிவு 2004ல் வெளியானது.

சிகரெட்டை விடாமல் புகைத்தவர்கள், புகைக்காதவர்களைவிட சராசரியாகச் சுமார் 10 ஆண்டுகள் முன்னதாக இறந்திருந்தனர். 30 வயதில் விட்டவர்கள் அந்த இழப்பை ஏறத்தாழ முழுமையாகத் தவிர்த்துக் கொண்டார்கள். 40 வயதில் விட்டவர்களுக்கு 9 ஆண்டுகளும், 50ல் விட்டவர்களுக்கு 6 ஆண்டுகளும், 60ல் விட்டவர்களுக்கு 3 ஆண்டுகளும் மிச்சமாயின.

ஆயுள் அல்லாஹ்வின் கையில் உள்ளது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் காரணங்களைப் பேணுவது நம் மீது கடமை. அறுபது வயதுக்காரருக்கு மூன்று ஆண்டுகள் என்றால் மூன்று ரமலான்கள். அதைச் சிறிது என்று யார் சொல்வார்?

ஆய்வை நடத்திய டாலும் புகைத்து வந்தவர்தான். தம் ஆய்வு காட்டியதைக் கண்டு நிறுத்திவிட்டார். 2005ல் தமது 92ஆம் வயதில் மறைந்தார்.

கடைசிச் சிகரெட்டுக்குப் பிறகு 20 நிமிடத்தில் இதயத் துடிப்பு இறங்கத் தொடங்குகிறது. சில வாரங்களில் இரத்த ஓட்டம் சீராகிறது. சில மாதங்களில் இருமலும் மூச்சிரைப்பும் குறைகின்றன. ஓராண்டில் மாரடைப்பு ஆபத்து, தொடர்ந்து புகைப்பவருக்கு இருப்பதில் பாதியாகிறது. பத்தாண்டில் நுரையீரல் புற்றுநோய் ஆபத்தும் ஏறக்குறைய பாதியாகிறது. கெட்டதெல்லாம் திரும்பச் சரியாகிவிடும் என்று நாம் சொல்லவில்லை. மேலும் கெடுவது நின்றுபோகும் என்கிறோம். இருமலில் இரத்தம் வந்தாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ, பழக்கத்தை விட்டுவிட்டோம் என்று இருந்துவிடாமல் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

"பீடி இலைதானே, சிகரெட் அளவுக்குக் கெடுதல் இல்லை" என்பதும் தவறான எண்ணம். பீடி எளிதில் அணைந்துவிடும் என்பதால் அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டியிருக்கிறது. நச்சுப்புகை அதிகமாகவே உள்ளே போகிறது.

நோன்பில் நடப்பது என்ன?

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருவோம். "ஒரு மணி நேரம்கூட என்னால் இருக்க முடியாது" என்பவர், ரமலானில் ஸஹரிலிருந்து இஃப்தார் வரை சுமார் 13 மணி நேரம் தொடாமல் இருக்கிறார். ஒரு நாள் அல்ல, ஒரு மாதம். அப்படியிருந்தும் பெருநாள் முடிந்ததும் பழக்கம் ஏன் அப்படியே தொடர்கிறது?

இரத்தத்திலுள்ள நிகோட்டின் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். எனவே மஃரிப் பாங்கு சொல்லும் நேரத்தில் நோன்பாளியின் இரத்தத்தில் அது மிகச் சொற்பமே மிஞ்சியிருக்கும். ஆனால் மூளை அதைக் கேட்பது உடனே அடங்குவதில்லை. எரிச்சல், தலைவலி, தூக்கமின்மை, கவனச்சிதறல் ஆகியவை முதல் இரண்டு மூன்று நாட்களில் உச்சத்தைத் தொட்டு, இரண்டு முதல் நான்கு வாரங்களில் பெரும்பாலும் தணியும். இது இடைவிடாமல் விட்டவருக்கான கணக்கு.

நோன்பு திறந்து கஞ்சி குடித்த கையோடு ஒன்றைப் பற்ற வைப்பவர், அந்தக் கணக்கை ஒவ்வொரு மாலையும் அழித்துவிட்டு மறுநாள் முதலிலிருந்து தொடங்குகிறார். கஷ்டமான முதல் நாளையே முப்பது தடவை அனுபவிக்கிறார். நான்காம் நாளை அவர் பார்ப்பதே இல்லை. பகலில் பட்ட சிரமம் ஏற்கெனவே பட்டதுதான். அத்துடன் இரவையும் சேர்த்துக் கொண்டால், முப்பது நாளில் கடினமான பகுதி முடிந்துவிடும்.

மார்க்கத் தீர்ப்பு

புகையிலை முஸ்லிம் நாடுகளுக்கு வந்தது ஹிஜ்ரி ஆயிரத்தை ஒட்டிய காலத்தில். எனவே அதன் பெயர் சொல்லி நேரடித் தடை இல்லை. தொடக்ககால அறிஞர்கள் ஹராம், மக்ரூஹ், ஆகுமானது என்று பலவாறு கருதினார்கள். டமாஸ்கஸின் அப்துல் கனி அந்நாபுலுஸி (ரஹ்) ஆகுமென்று தனி நூலே எழுதினார்கள். இன்று புகையிலையின் தீங்கு பற்றி நமக்கிருக்கும் ஆய்வுச் சான்று அன்று அவர்கள் முன் இல்லை. தம்மைத் தாமே அழிவில் போட்டுக் கொள்ளக் கூடாது (2:195), வீண்விரயம் கூடாது (17:26, 27) என்ற இறைக்கட்டளைகளின் அடிப்படையில் இக்கால அறிஞர்களில் பெரும்பாலோர் ஹராம் என்றே தீர்ப்பளிக்கிறார்கள். மக்ரூஹ் என்போரும் அதைக் கைவிடுவதே நல்லது என்பதில் மாறுபடவில்லை.

விடுவதற்கான வழிமுறைகள்

1. நாள் குறியுங்கள். பிறை பார்த்த இரவு பொருத்தமானது. ஆனால் ரமலான் எட்டு மாதம் தள்ளி இருந்தால் காத்திருக்க வேண்டாம். வரும் ஜும்ஆ நாளும் போதும். முதல் நாளே பீடிக்கட்டு, தீப்பெட்டி, லைட்டர், சாம்பல் கிண்ணம் அனைத்தையும் வீட்டை விட்டு அகற்றுங்கள்.

2. குறைப்பதை நம்பியிருக்காதீர்கள். எண்ணிக்கையைக் குறைத்தவர் மீதியை ஆழமாக இழுத்துச் சரிக்கட்டிக் கொள்வதுண்டு.

3. உதவி தேடுங்கள். துணையின்றித் தாமாக விட முயல்வோரில், நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேரே ஆறு மாதம் தாண்டுகிறார்கள். நிகோட்டின் சூயிங்கம், ஒட்டுப்பட்டை ஆகியவை அந்த வாய்ப்பை ஏறத்தாழ ஒன்றரை மடங்காக்குகின்றன. வேறு மாத்திரைகளும் உள்ளன. மருத்துவர் எழுதிக் கொடுத்தே சாப்பிட வேண்டும். சூயிங்கம் நோன்பை முறிக்கும், இரவில் பயன்படுத்துங்கள். தோலில் ஒட்டும் மருந்துப் பட்டை நோன்பை முறிக்காது என்பது ஜித்தாவிலுள்ள சர்வதேச ஃபிக்ஹ் அகாடமியின் 1997ஆம் ஆண்டுத் தீர்மானம். மத்திய அரசின் இலவசத் தொலைபேசி ஆலோசனை எண் 1800 11 2356.

4. டீயைக் குறையுங்கள். புகைப்பவர் உடலில் காஃபின் வேகமாகக் கரையும். விட்டபின் அதே நான்கு டீ இரண்டு மடங்கு வேலை செய்து, படபடப்பையும் தூக்கமின்மையையும் தரும். சர்க்கரைக்கு இன்சுலின் போடுபவர்கள் புகையை விட்டதை மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவை மாற்ற வேண்டி வரலாம்.

5. வேட்கை சில நிமிடங்களில் கடந்துவிடும். அந்த நேரத்துக்கு மிஸ்வாக், ஒரு குவளைத் தண்ணீர், ஒளூ, சிறு நடை. தராவீஹ் முடிந்து டீக்கடை ஜமாவில் போய் நிற்பதை ஒரு மாதம் தவிருங்கள். பான், குட்கா, ஹுக்கா எதையும் மாற்றாக எடுக்காதீர்கள்.

வீட்டாருக்கு

முதல் இரண்டு வாரம் அவர் சிடுசிடுப்பார். அது உங்கள் மீதுள்ள கோபமல்ல. "நீங்களாவது விடுறதாவது" என்ற ஒரு சொல் அவரைக் கடைக்கு அனுப்பிவிடும். வீட்டுக்குள் புகைத்தால் குழந்தைகளுக்கு ஆஸ்துமாவும் மார்புச் சளியும் கூடும் என்பதைச் சண்டை போடாமல், அவர் நல்ல மனநிலையில் இருக்கும்போது சொல்லுங்கள்.

அந்தப் பெரியவர் அந்த ரமலானிலேயே விட்டார். ஷவ்வாலில் ஒரு கல்யாண வீட்டில் பிரியாணிக்குப் பிறகு யாரோ நீட்டியதை வாங்கிவிட்டார். மறுநாள் தலைகுனிந்து வந்தார். "நேத்து பண்ணின பாவத்துக்காக இன்னைக்குத் தவ்பா செய்யாம இருப்பீங்களா?" என்றோம். ஒன்று புகைத்தது தோல்வியல்ல. இரண்டாவதை வாங்குவதுதான் தோல்வி. அன்றே மீண்டும் நிய்யத் வைத்தார். இப்போது அடுத்த ரமலானும் கடந்துவிட்டது. மூச்சு வாங்காமல் மாடிப்படி ஏறுகிறார்.

பல்லாண்டுப் பழக்கத்திலிருந்து மீள நினைக்கும் ஒவ்வொருவருக்கும் அல்லாஹ் மனவலிமையையும், அவர்களுக்குத் துணை நிற்கும் குடும்பத்தாருக்குப் பொறுமையையும் தந்தருள்வானாக! ஆமீன்.