நச்சுவாயுவும் கரியும்

வாயுக் கவசத்தை முதலாம் உலகப் போர் ஈன்ற பண்டமாகவே விஞ்ஞான வரலாற்று நூல்கள் பெரும்பாலும் அறிமுகஞ் செய்கின்றன. போர்த் தேவையே அதனைப் பரவலாக்கியது என்ற அளவில் இக்கூற்றுச் சரியானதே. ஆனால், போருக்கு முன்னரே குளோரீனைச் சுவாசித்து நலிந்தோர் யாவர், அவர்களுக்குக் கவசம் ஏன் கிட்டவில்லை என்னும் வினாவை அது மறைத்துவிடுகின்றது.

அறியாமை இதற்குக் காரணமன்று. கரி வாயுக்களைப் பற்றிக்கொள்ளும் என்பதை 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே ஐரோப்பிய இரசாயனவியலார் அறிந்திருந்தனர். 1854இல் ஜோன் ஸ்ரென்ஹவுஸ் என்பார் கம்பிவலைகளுக்கிடையே மரக்கரித் தூளை அடைத்து ஒரு முகமூடியை அமைத்தார்; அதற்கு அவர் காப்புரிமையும் நாடவில்லை. ஆயினும், அந்நூற்றாண்டின் இறுதியிலே, இங்கிலாந்தின் வெளிற்றுந்தூள் ஆலைகளில் குளோரீன் எஞ்சிநின்ற அறைகளுட் புகுந்து தூளை அள்ளி அடைத்த தொழிலாளர், பல மடிப்புக் கம்பளித் துணியையே வாயில் இறுகக் கட்டிக்கொண்டனர். றொபேட் ஷெராட் 1897இல் வெளியிட்ட 'இங்கிலாந்தின் வெள்ளை அடிமைகள்' என்னும் நூல் இத்தகைய தொழிலாளரின் அவலத்தையே பொருளாகக் கொண்டது.

1915 ஏப்பிரல் 22இல் பெல்ஜியத்தின் ஈப்பர் நகருக்கருகே ஜேர்மானியர் சுமார் 150 தொன் குளோரீனைக் காற்றில் திறந்துவிட்டனர். முதலில் அகப்பட்டோர் பிரான்சின் அல்ஜீரியப் படையினரும் வயது முதிர்ந்த சேமப் படையினருமாவர். ஆலைத் தொழிலாளிக்கு அரை நூற்றாண்டாகக் கிட்டாத கவனம் போர்வீரனுக்குச் சில வாரங்களிற் கிட்டியது. போர்முனையை இழக்க அரசுகள் ஆயத்தமாக இருக்கவில்லை என்பதை நாம் இங்கு மனங்கொள்ளல் வேண்டும்.

தொடக்கத்தில் வழங்கப்பட்டவை, புகைப்படக்காரர் 'ஹைப்போ' என்றழைக்கும் உப்பும் சலவைச் சோடாவும் கலந்த கரைசலில் தோய்த்த பஞ்சுத் திண்டுகளே. இவை குளோரீனோடு தாக்கமுற்று அதனைத் தீங்கற்றதாக்கின. பொஸ்ஜீனைத் தடுக்கப் போதியனவாக இருக்கவில்லை. பினோல் சேர்ந்த கரைசலில் தோய்த்த துணி முகமூடி அடுத்து வந்தது. 1916இல் அதனுடன் ஹெக்சமீனும் சேர்க்கப்பட்டது. நஞ்சு ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மாற்று மருந்தைத் தேடும் இம்முறையில் தாக்குபவனே எப்போதும் ஓரடி முன்னே நின்றான்.

கரியின் செயல் வேறு வகையினது. அது நஞ்சை இன்னதென்று இனங்காண்பதில்லை. தன் நுண்டுளைகளின் பரந்த மேற்பரப்பிற் பாரமான ஆவிகளைப் பெரும்பாலும் பிடித்துவைக்கின்றது. ருஷ்யாவில் செலின்ஸ்கி 1915இல் இதனைப் பயன்படுத்தினார். 1916இல் பிரித்தானியர் வெளியிட்ட சிறு பெட்டிக் கவசத்திலோ கரியோடு சோடாச் சுண்ணாம்பும் பரமங்கனேற்றும் கலந்த மணிகளும் இடம்பெற்றன. ஒன்று பற்றிவைத்தது, மற்றையது அழித்தது. இவ்விரு செயல்களின் இணைப்பே எமது கருத்தில் அக்காலத்தின் உண்மையான சாதனை.

1917 யூலையிற் பிரயோகிக்கப்பட்ட கடுகு வாயு தோலையே எரித்தமையால் முகக் கவசம் மட்டும் போதாதாயிற்று. நஞ்சூறிய நிலத்தின்மீது அப்போது தூவப்பட்டது, முன்னர் ஆலைத் தொழிலாளர் வாயைக் கட்டிக்கொண்டு அள்ளிய அதே வெளிற்றுந்தூளாகும்.

கரிக்கு மிகச் சிறந்த மூலப்பொருள் தென்னஞ்சிரட்டை என்பதை அமெரிக்கர் கண்டனர். சிரட்டை போதாமையால் 1918இல் பீச்சுப் பழக் கொட்டைகளைத் திரட்டித் தருமாறு பொதுமக்களை வேண்டினர். இலங்கையின் சிரட்டைக் கரி இன்று உயிர்ப்பூட்டப்பட்டு நீர், காற்று வடிகட்டிகளுக்காக உலகெங்கும் ஏற்றுமதியாகின்றது. அச்சிரட்டையைக் குழிகளில் எரித்துக் கரியாக்குவோர் பலர் இன்னும் புகையின் நடுவேயே நிற்கின்றனர்.