பூன்ச்கி டே என்றால் என்ன? முஸ்லிம்கள் அதிகம் வாழும் அமெரிக்க ஊரில் போலந்து பலகாரத்துக்கு இவ்வளவு கூட்டம் ஏன்?

அமெரிக்காவின் மிச்சிகன் மாகாணத்தில் ஹாம்ட்ராமிக் என்று ஒரு சின்ன நகரம் இருக்கிறது. பரப்பளவு 5 சதுர கி.மீ.க்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். சுற்றிலும் டெட்ராய்ட் பெருநகரம். வருஷத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை மட்டும், விடிவதற்கு முன்பே இந்த ஊர் பேக்கரி வாசல்களில் நீளமான க்யூ நிற்கும். கடும் குளிரையும் மதிக்காமல் டஜன் கணக்கில் வாங்கிட்டுப் போவார்கள். அந்த நாள்தான் 'பூன்ச்கி டே'.

அது டோனட் தானே?

பார்த்தால் அப்படித்தான் தெரியும். நடுவில் ஓட்டை கிடையாது, உள்ளே ஜாம் இருக்கும். ஆனால் மாவில் முட்டை, வெண்ணெய், பால் எல்லாம் தாராளமாகச் சேர்ப்பதால் சாதாரண டோனட்டை விட கனமாக இருக்கும். மாவில் கொஞ்சம் சாராயமும் ஊற்றுவது வழக்கம். பொரிக்கும்போது எண்ணெய் அதிகம் குடிக்காமல் இருக்கத்தான் அது. உள்ளே வைப்பது ரோஜா ஜாம் அல்லது உலர்ந்த பிளம் பழ ஜாம். அமெரிக்கா வந்தபிறகு கஸ்டர்ட், ஸ்ட்ராபெரி என்று பட்டியல் நீண்டுவிட்டது. சரியாகப் பொங்கியிருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு: பொரித்த பிறகு இடுப்பைச் சுற்றி வெளிர் நிறத்தில் ஒரு வளையம் தெரிய வேண்டும்.

போலிஷ் மொழியில் ஒன்று என்றால் 'பொன்ச்செக்', பல என்றால் 'பொன்ச்கி'. மொட்டு என்றும் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் உண்டு. டெட்ராய்ட் வாயில் அது 'பூன்ச்கி' ஆகிவிட்டது. பன்மைச் சொல்லுக்கே இன்னொரு பன்மை சேர்த்து 'பூன்ச்கிஸ்' என்பவர்களும் இருக்கிறார்கள்!

ஏன் அந்த ஒரு நாள் மட்டும்?

ஈஸ்டருக்கு முன் கத்தோலிக்கர்களுக்கு 40 நாள் தவக்காலம். சாம்பல் புதன் அன்று (நம்ம ஊர் கத்தோலிக்கர்கள் விபூதிப் புதன் என்பார்கள்) அது தொடங்கும். அந்தக் காலத்தில் தவக்காலம் முழுக்க இறைச்சி, கொழுப்பு, முட்டை எதுவும் தொட மாட்டார்கள். வீட்டில் இருக்கும் பன்றிக் கொழுப்பு, முட்டை, சர்க்கரை எல்லாம் வீணாகக் கூடாதே என்று முன்கூட்டியே பொரித்துத் தீர்த்தார்கள். போலந்தில் இது சாம்பல் புதனுக்கு முந்தைய வியாழக்கிழமை. அன்று ஒன்றாவது சாப்பிடாவிட்டால் வருஷம் முழுக்க அதிர்ஷ்டம் இருக்காது என்று நம்பிக்கை. அமெரிக்காவில் மட்டும் அது 'மார்டி கிரா' கொண்டாடும் செவ்வாய்க்கிழமையோடு ஒட்டிக்கொண்டது.

போலந்துக்காரர்கள் வந்த கதை

1910-ல் ஹாம்ட்ராமிக்கின் மக்கள் தொகை 3,559. 1920-ல் 48,615! டாட்ஜ் கார் தொழிற்சாலைதான் காரணம். வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலானோர் போலந்துக்காரர்கள். சர்ச், பேக்கரி, சாசேஜ் கடை என்று ஒரு குட்டி போலந்தே உருவானது. 1987-ல் போலந்தைச் சேர்ந்த போப் இரண்டாம் ஜான் பால் இங்கே வந்துபோனார்.

ஆனால் அதற்கு முன்பே, 1980-ல், தொழிற்சாலை மூடப்பட்டிருந்தது. போலந்துக் குடும்பங்கள் பலவும் புறநகர்களுக்குக் குடிபெயர்ந்தன. காலியான வீடுகளுக்கு வங்கதேசம், ஏமன், போஸ்னியாவில் இருந்து ஆட்கள் வந்தார்கள். 2004-ல் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் பாங்கு சொல்ல நகராட்சி வழி செய்தது. அப்போது அது பெரிய சர்ச்சை. 2021 தேர்தலில் ஏமனில் பிறந்த அமேர் காலிப் மேயர் ஆனார். சுமார் 100 ஆண்டுகளில் போலந்து வம்சாவளி அல்லாத முதல் மேயர் அவர். நகர மன்ற உறுப்பினர்களும் எல்லோரும் முஸ்லிம்கள் என்ற நிலை வந்தது.

அப்போ பூன்ச்கி என்ன ஆனது?

இங்கேதான் விஷயம் இருக்கு. போலந்துக்காரர்கள் சிறுபான்மை ஆன பிறகும் அந்த நாள் சுருங்கவில்லை. ஜோசப் காம்பாவ் சாலையில் உள்ள பேக்கரிகளுக்கு, புறநகர் போன குடும்பங்கள் அன்றைக்குத் திரும்பி வருகின்றன. போலந்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத டெட்ராய்ட்வாசிகளும் வருகிறார்கள். பார்கள் காலையிலேயே திறந்துவிடும், பாட்டுக் கச்சேரியும் களைகட்டும்.

ஆனால் பக்கத்து வீட்டு முஸ்லிம் குடும்பத்துக்கு ஒரு நிஜமான சிக்கல் உண்டு. பழைய முறையில் பொரிப்பது பன்றிக் கொழுப்பில், மாவில் சாராயம். இரண்டுமே ஹராம். தாவர எண்ணெயில் பொரிக்கும் பேக்கரிகளும் உண்டு, ஆனால் எதில் பொரித்தது, மாவில் என்ன இருக்கு என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும். 'எல்லோரும் சேர்ந்து கொண்டாடும் விழா' என்று எழுதுபவர்கள் இதை மறந்துவிடுவார்கள். கேட்கிற கேள்விக்கு கவுன்ட்டரில் தெளிவான பதில் கிடைத்தால்தான் அந்த விழாவில் அவர்களுக்கும் இடம்.

இன்னொன்று, காலண்டர். பூன்ச்கி டே பிப்ரவரி 3 முதல் மார்ச் 9 வரை எந்தத் தேதியிலும் வரலாம். ரமலான் ஒவ்வொரு ஆண்டும் சுமார் 11 நாள் முன்னே நகரும். இப்போது இரண்டும் ஒன்றோடு ஒன்று மோதும் காலம். 2025-ல் பூன்ச்கி டே (மார்ச் 4) ரமலானுக்குள் விழுந்தது. 2026-ல் பூன்ச்கி டே பிப்ரவரி 17. மறுநாள் சாம்பல் புதன், அமெரிக்காவில் பல பள்ளிவாசல்களில் முதல் நோன்பும் அன்றுதான். 2027-ல் பூன்ச்கி டே பிப்ரவரி 9. ரமலான் தொடங்கி ஓரிரு நாள்தான் ஆகியிருக்கும். நோன்பு இருப்பவர்கள் காலையில் வாங்கினாலும், பெட்டியைத் திறக்க சூரியன் மறையும் வரை காத்திருக்க வேண்டும்.